பெக்கோவின் முழங்கை

பகலெல்லாம் நசுங்கிய வாகனங்களுக்கு விலை எழுதுகிறேன்.
இடது முன்கதவு: மாற்றவேண்டும்.
பம்பர்: திருத்தலாம்.
சாரதியின் கூற்றுப்படி நாய் குறுக்கே வந்தது.
எல்லாக் கோப்பிலும் ஒரு நாய் வருகிறது.

இரவு எட்டுக்கு
உடுப்புக் கழுவும் மெஷினுக்கும் பல்கனிக் கம்பிக்கும் நடுவே
நாலடி இடத்தில்
இன்னும் யாரோடும் மோதாத ஒரு வாகனத்தைச் செய்கிறேன்.

பலகை, துறைமுகத்துப் பாலட்.
ஜிந்துப்பிட்டியில் வாங்கி
முச்சக்கரவண்டிக் கூரையில் கட்டி
வெள்ளவத்தைவரை பிடித்துக்கொண்டு வந்தேன்.
சக்கரங்கள் இலகு.
வட்டவாளை ட்ரில்லில் பூட்டி ஊன்றினால்
பிஸ்கட் மாதிரிக் கழன்று விழும்,
நடுவில் அச்சுக்கான துளையோடு.
நிஜத்துக்குச் சங்கிலி, என்னுடையதற்கு ஆறு சக்கரம்.
யதுஷா மன்னித்துவிட்டாள்.

ஒன்பது அடித்தால் கீழ்வீட்டு மிஸஸ் டி மெல்
தும்புத்தடியால் தன் சீலிங்கைத் தட்டுவார்.
அதன்பின் அரத்தாள் மட்டும்:
எண்பது, நூற்றிருபது, இருநூற்று நாற்பது.
"சேர்ட்டிலயும் தூள், சோத்திலயும் தூள்" என்றபடி
ரமணீகரன் வந்து பிடித்துக்கொள்வான்,
பசை காயும்வரை.
எங்களிடம் இருப்பது இரண்டே கிளாம்ப்.
மூன்றாவது அவன்.

கைதான் சரிவரவில்லை.
தூக்கினால் நிமிர்கிறது. மடித்தால்
தோளோடு விழுந்துவிடுகிறது,
கூட்டத்தில் கேள்வி கேட்கத் தூக்கி
பாதியில் இறக்கிய கை போல.
மூன்று முறை அறுத்தேன். மூன்றும் விறகு.

பக்கத்துக் காணியில் நிஜமானது நின்றது.
முப்பத்திரண்டு மாடிக்குக் கிடங்கு.
தகரவேலிப் படத்தில்
நீச்சல்குளத்தில் ஒரு குடும்பம் சிரிக்கிறது.
கிடங்கில் ஊறிய தண்ணீரில்
இப்போதைக்குக் குளிப்பது பெக்கோ மட்டும்.

சனிக்கிழமை மத்தியானம்
மரக்கையைக் கம்பியில் ஊன்றி
ஒரு கண்ணை மூடி
எங்கே ஆணி, எங்கே மடிப்பு என்று அளந்துகொண்டிருந்தேன்.
ஓட்டுநர் சோற்றுப் பார்சலிலிருந்து நிமிர்ந்தார்.
பார்த்தார்.
கையைக் காற்சட்டையில் துடைத்தார்.
ஏறினார்.

இருபது தொன் இரும்பு
எனக்காக மெதுவாகத் தோளைத் தூக்கியது.
நின்றது.
முழங்கையை மட்டும் மடித்தது.
நின்றது.
மணிக்கட்டைத் திருப்பி வெறும் வாளியைக் காட்டியது,
ஒளிக்க ஒன்றுமில்லை என்று உள்ளங்கை விரிப்பது போல.
"பேனவாத, மிஸ்?"
ஒரு விரலைத் தூக்கினேன், இன்னொருமுறை.
மண் ஏற்ற வந்த டிப்பர் ஹோர்ன் அடித்தது.
அவர் இன்னொருமுறை காட்டினார்.

அப்போதுதான் பிடிபட்டது.
நான் கையை நேராக வெட்டியிருந்தேன்.
அதற்குப் பிறவியிலேயே ஒரு கூனல்.
அதனால்தான் தன் காலடி மண்ணும் அதற்கு எட்டுகிறது.

யதுஷா கையில் வாங்கியதும் கேட்டது, "டிரைவர் எங்க?"
உடுப்புக் கிளிப் ஒன்றைப் பாதியாக்கி
ஆசனத்தில் ஒட்டினேன்.
பேனையால் மீசை அவளே வைத்தாள்.
முதல் வேலை, கவிழ்ந்த பருப்பு அள்ளுவது.
கவிழ்த்ததும் பெக்கோதான்.
பின்னால் எடுக்கையில் பீப் பீப் என்று அவளே கத்த,
மிஸஸ் டி மெல் தட்டினார்.
இரண்டாம் நாள் சுவரில் மோதி
வாளியின் ஒரு பல் போனது.
"நாய் குறுக்க வந்தது" என்றாள்.

எங்கே கேட்டிருப்பாள்.
திருத்தலாம், என்று எழுதிக்கொண்டேன்.

இப்போது கிடங்கு மூடி, தூண்கள் எழும்பி
என் நாலடிக்கு மூன்று மணியோடு வெயில் முடிகிறது.
தண்டவாளத்துக்கு அப்பால் ஒரு சாண் கடல் தெரியும்,
அதுவும் போயிற்று.
பெக்கோவை ஓர் இரவு லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.
நான் பெயர் கேட்கவேயில்லை.
கிளிப்புக்கு யதுஷா பெயர் வைத்திருக்கிறாள்,
எனக்குச் சொல்லமாட்டாளாம்.

அவளுக்கு இப்போது கிரேன் வேண்டும்.
அந்த மஞ்சள் கிரேன்.
அதே உயரம்.
எங்கள் சீலிங் ஒன்பதடி.
ரமணீகரன் பல்கனியில் அண்ணாந்து நின்று
கழுத்தைத் தடவிக்கொண்டு சொல்கிறான்,
"கிளாம்ப் இன்னும் ரெண்டு வாங்கு."